காட்டில் பிடிபட்ட சாட்டைப் பாம்பை வளர்ப்போருக்கு: ஆவணங்கள் முதல் மூன்றாம் மாதம் வரை

காட்டில் பிடிபட்ட ஒரு சாட்டைப் பாம்பின் பொறுப்பை முறைப்படி ஏற்றபோது, எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை வளர்ப்பில் பிறந்து, எலி தின்னப் பழகி, பகலெல்லாம் சுருண்டு கிடக்கும் பாம்புகளுக்காக எழுதப்பட்டவையாக இருந்தன. சாட்டைப் பாம்பு அப்படிப்பட்டதன்று. அது பகலில் இயங்குவது, கண்பார்வையால் வேட்டையாடுவது, மிக வேகமாக ஓடுவது, எதற்கும் எளிதில் மிரளுவது. காட்டில் வளர்ந்த பாம்பாகவும் அது இருந்துவிட்டால், நீர்வற்றிய உடலும் ஒட்டுண்ணிகளும் அச்சமும் சேர்ந்தே வீட்டுக்கு வருகின்றன. இத்தகைய பாம்புகளை இழக்கும் காலம் பெரும்பாலும் முதல் சில மாதங்கள்தாம். ஆகவே இக்கட்டுரை அந்தக் காலத்தை மையமாகக் கொண்டிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இன்னும் பாம்பைப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்க வேண்டாம். வளர்ப்பில் பிறந்த குட்டியை ஆவணத்தோடு பெறும் வழியைத் தேடுங்கள். மீட்கப்பட்டுக் காட்டில் விட இயலாது என்று முடிவான பாம்பையோ, மற்றொருவர் உரிமத்தோடு வைத்திருந்து கைமாற்றும் பாம்பையோ, சட்டம் இடம் தரும் பகுதியில் உரிய அனுமதியோடு பிடிக்கப்பட்ட பாம்பையோ ஏற்கவிருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன்.

1. இனத்தை உறுதி செய்யாமல் எதையும் தொடங்காதீர்கள்

சாட்டைப் பாம்பு என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல பாம்புகள் அழைக்கப்படுகின்றன. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஹீரோஃபிஸ், டோலிகோஃபிஸ், ஹெமோரோயிஸ், பிளாட்டிசெப்ஸ் பேரினங்களும் வட அமெரிக்காவின் மாஸ்டிகோஃபிஸ் பேரினமும் மனிதருக்கு ஆபத்தான நஞ்சு இல்லாதவை. ஆஸ்திரேலியாவில் இதே பெயரால் குறிக்கப்படும் டெமான்சியா பாம்புகளோ நாகப்பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்பற்களில் நஞ்சு உடையவை. ஆசியாவில் மரங்களில் வாழும் பச்சைப் பாம்பும் சில இடங்களில் இப்பெயரால் விற்கப்படுகிறது. அதற்குப் பின்பற்களில் மிதமான நஞ்சு உண்டு, வளர்ப்பு முறையும் முற்றிலும் வேறு. மத்தியதரைக் கடல் பகுதியின் மான்பெல்லியே பாம்பு பார்வைக்கு ஏறத்தாழச் சாட்டைப் பாம்பாகவே தோன்றும். அதுவும் பின்பல் நஞ்சு உடையது. இனி வரும் குறிப்புகள் முதலில் சொன்ன நஞ்சற்ற, தரையில் வாழும் பேரினங்களுக்கு மட்டுமே உரியவை.

தலையின் மேற்புறம், பக்கவாட்டுத் தோற்றம், உடலின் நடுப்பகுதி, வயிற்றுச் செதில்கள், வாலின் அடிப்புறம் ஆகியவற்றைத் தனித்தனியே தெளிவாகப் படம் எடுங்கள். பாம்பு எந்தப் பகுதியில் பிடிபட்டது என்ற தகவலையும் சேர்த்து, ஊர்வன ஆய்வாளர் ஒருவருக்கோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கோ அனுப்பி, பதிலை எழுத்தில் பெறுங்கள். குட்டிகளை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பல இனங்களில் குட்டியின் கோலமும் வளர்ந்த பாம்பின் நிறமும் வேறுவேறு. இந்தப் படிக்குச் செலவு ஏதும் இல்லை, சில நாள்கள் பிடிக்கலாம். ஆனால் அடுத்த படியில் நிரப்பவிருக்கும் ஒவ்வொரு படிவமும் இந்த ஒரு பெயரை நம்பியே நிற்கிறது.

2. ஆவணங்கள்: பாம்பு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

இங்கேதான் புதியவர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள். அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் தேடிப் பார்த்து, தம் பாம்பின் பெயர் இல்லையென்றால் வளர்க்கத் தடையில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் எல்லை கடந்த வணிகத்தை மட்டுமே பேசுகிறது. ஒரு நாட்டுக்குள் பிடிக்கலாமா, வைத்திருக்கலாமா, கைமாற்றலாமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்கிறது.

சில எடுத்துக்காட்டுகள் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட நெறிமுறை, அங்குள்ள சாட்டைப் பாம்புகளில் பலவற்றை நான்காம் இணைப்பில் வைத்திருக்கிறது. அவற்றைக் காட்டிலிருந்து வேண்டுமென்றே பிடிப்பதும், அவ்வாறு பிடித்ததை வைத்திருப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காரணமாக, காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்க்க வழியில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. ஒரு மாநிலத்தின் விதியை மீறிப் பிடித்த பாம்பை எல்லை தாண்டிக் கொண்டுபோனால், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டத்தின்படி அது கூட்டாட்சிக் குற்றமாகிறது. கலிபோர்னியாவின் அலமேடா சாட்டைப் பாம்பு ஒரு துணையினம் மட்டுமே. ஆயினும் 1997 முதல் அது அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாகக் கூட்டாட்சிப் பட்டியலில் உள்ளது. அதன் நெருங்கிய உறவான மற்றத் துணையினத்துக்கு அந்த நிலை இல்லை. பிடிபட்ட இடத்தைக் கட்டாயம் எழுதி வாங்கச் சொல்வது இதனால்தான்.

கையில் இருக்க வேண்டியவை இவை:

முதலாவது, பாம்பைப் பிடிக்க வழங்கப்பட்ட அனுமதியின் படி, அல்லது மீட்பு மையம் தரும் ஒப்படைப்புக் கடிதம். அதில் இனத்தின் அறிவியல் பெயர், பிடிபட்ட இடம், நாள், அனுமதி எண், கொடுப்பவர் கையொப்பம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். எனக்குக் கைமாற்றப்பட்ட பாம்புக்கு முதலில் தரப்பட்ட தாளில் "பழுப்புப் பாம்பு, ஒன்று" என்று மட்டுமே எழுதியிருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள், பாம்பு தேவையே இல்லாமல் ஓர் இடைக்காலப் பெட்டியில் கிடந்தது. தாள் சரியாகும் வரை பாம்பைப் பெற்றுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் பகுதியில் பாம்பு வளர்க்க உரிமம் தேவையென்றால் அந்த உரிமம். விண்ணப்பத்தோடு பெட்டியின் அளவு, பூட்டு, வெப்ப ஏற்பாடு ஆகியவற்றின் விவரத்தையும் படத்தையும் கேட்பதுண்டு. நேரில் பார்வையிட வருவதும் உண்டு. ஆகவே பெட்டியை அமைத்த பிறகே விண்ணப்பிப்பது நல்லது. அலுவலகங்கள் எடுத்துக்கொள்ளும் காலம் வாரங்களில் தொடங்கி மாதங்கள் வரை நீளலாம்.

மூன்றாவது, நாட்டின் எல்லையைக் கடந்து பாம்பு வருமானால், ஏற்றுமதி அனுமதி, இறக்குமதி அனுமதி, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று, விமான நிறுவனம் கேட்கும் உயிர்விலங்குப் போக்குவரத்து உறுதிமொழி ஆகியவை. உடல்நலச் சான்று குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும். அதை முதலில் வாங்கிவிட்டு மற்ற அனுமதிகளுக்காகக் காத்திருந்தால் மறுபடியும் வாங்க நேரும்; எல்லாம் வந்த பின் கடைசியாக அதை வாங்குங்கள்.

நான்காவது, வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல். வாய்மொழி ஒப்புதல் ஒரு பாம்பு தப்பி ஓடும் நாள் வரையே செல்லும்.

இவை அனைத்தையும் ஒரு கோப்பில் வைத்து, கைபேசியிலும் படியெடுத்து வையுங்கள். மருத்துவரிடம் செல்லும் வழியில் எவரேனும் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

3. செலவை எப்படிக் கணக்கிடுவது

எல்லாச் செலவிலும் மிகக் குறைந்தது பாம்பின் விலையாகவே இருக்கும். கணக்கை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டி, விளக்குகள், தெர்மோஸ்டாட் (வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவி), வெப்பமானி, தராசு ஆகியவை ஒருமுறைச் செலவு. இரை, மின்சாரம், தரைவிரிப்பு ஆகியவை மாதச் செலவு. புறஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர்வீச்சு குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்தில், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, மாற்ற வேண்டும். அந்தத் தொகையையும் பிரித்து மாதச் செலவில் சேருங்கள்.

மூன்றாவது மருத்துவச் செலவு. வளர்ப்பில் பிறந்த பாம்புக்கு இதை அவசரகால நிதி என்று ஒதுக்கலாம். காட்டுப் பாம்புக்கோ இது உறுதியாக வரும் செலவு. முதல் மூன்று மாதங்களில் ஒரு முழு உடல் பரிசோதனை, குறைந்தது மூன்று எச்சப் பரிசோதனைகள், ஒட்டுண்ணி மருந்து, அதன் பின் மறுபரிசோதனை என்று எதிர்பாருங்கள். இந்தத் தொகையைப் பெட்டி வாங்கும் முன்பே தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்த முயற்சியைத் தள்ளிப்போடுவதே பாம்புக்கு நல்லது.

4. பெட்டியை முதலில் அமைத்து, ஒரு வாரம் ஓடவிடுங்கள்

சிறிய பெட்டி பாம்புக்குப் பாதுகாப்பு உணர்வைத் தரும் என்ற அறிவுரை சாட்டைப் பாம்புக்கு ஒவ்வாது. காஸ்பியன் சாட்டைப் பாம்பும் வட அமெரிக்கச் சாட்டைப் பாம்பும் இரண்டு மீட்டரைக் கடக்கக்கூடியவை. இவை நாள்தோறும் நெடுந்தொலைவு அலைபவை. பெட்டியின் நீளம் பாம்பின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒன்றரை மீட்டர் பாம்புக்கு 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்பதைக் குறைந்த அளவாகக் கொள்ளுங்கள். கூட்ட முடிந்தால் கூட்டுங்கள்.

மூன்று பக்கங்கள் ஒளி புகாதவையாக இருக்க வேண்டும். முன்பக்கக் கண்ணாடியின் கீழ்ப்பாதியை முதல் சில வாரங்களுக்குத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். சாட்டைப் பாம்பு கண்ணாடியைத் தடையாக உணர்வதில்லை. மூக்கின் நுனியை அதில் வைத்து அழுத்தியபடியே ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய்வரும். கண்ணாடியின் உட்புறத்தில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், நீளவாக்கில் ஒரு மங்கிய கோடு படிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள். அந்தக் கோடு தெரிந்தால், மூக்குச் செதில் தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். சில நாள்களில் செதில் வெளுத்து, பின் புண்ணாகி, அங்கிருந்து வாய்க்குள் தொற்று பரவும். மறைப்பை உயர்த்துவது, பதுங்கிடங்களைக் கூட்டுவது, அறையில் ஆள் நடமாட்டத்தைக் குறைப்பது என்ற மூன்றையும் அன்றே செய்யுங்கள்.

வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 35 டிகிரி செல்சியஸ் அளவிலும், குளிர்ந்த முனை 24 முதல் 26 டிகிரியிலும், இரவில் 20 முதல் 22 டிகிரியிலும் இருக்கட்டும். பாலைநிலத்து இனங்கள் காயுமிடத்தில் இன்னும் சிறிது கூடுதல் வெப்பத்தை நாடும். வெப்ப விளக்கைப் பாம்பு தொட முடியாதபடி கம்பிக் கூண்டுக்குள் வைத்து, தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். பகலில் இயங்கும் பாம்பு என்பதால் புறஊதா ஒளியும் கொடுப்பதையே நான் வலியுறுத்துவேன். பன்னிரண்டு மணி நேரம் ஒளி, பன்னிரண்டு மணி நேரம் இருள் என்று நேரமாற்றியில் அமைத்துவிடலாம்.

பதுங்கிடம் குறைந்தது இரண்டு வேண்டும்: வெப்பமான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. மூன்றாவதாக, ஈரப்பாசி நிரப்பிய மூடிய டப்பா ஒன்று சட்டை உரிக்கும் காலத்தில் உதவும். தனிமைப்படுத்தும் காலத்தில் தரையில் வெள்ளைத் தாள் மட்டும் விரியுங்கள். எச்சமும் பாம்புப் பேனும் அதில்தான் உடனே தெரியும்.

இடைவெளிகளை விரலால் தடவிப் பாருங்கள். தலை நுழையும் இடத்தில் முழுப் பாம்பும் நுழையும்; நகரும் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பிளவு வழியாகத்தான் பெரும்பாலும் தப்புகின்றன. பூட்டு கட்டாயம். பாம்பு இல்லாமலேயே பெட்டியை ஒரு வாரம் இயக்கி, காலை, நண்பகல், இரவு வெப்பநிலைகளைக் குறித்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் நின்ற பிறகே பாம்பைக் கொண்டுவாருங்கள்.

5. கொண்டுவருவதும் முதல் வாரமும்

மெல்லிய, காற்றுப் புகும் துணிப்பையில் பாம்பை இட்டு, வாய்ப்பகுதியை முறுக்கி முடிச்சிட்டு, காற்றுத் துளைகள் கொண்ட உறுதியான பெட்டிக்குள் வையுங்கள். பையின் தையல் பிரிசல்களை வெளிப்புறம் இருக்குமாறு திருப்பிப் பயன்படுத்தினால் பல்லும் செதிலும் நூலில் சிக்காது. வண்டியில் வெயில் படும் இடத்தில் பெட்டியை வைக்கக் கூடாது. பிற்பகலுக்குள் வீடு சேருமாறு திட்டமிடுங்கள். இருட்டிய பின் புது இடத்தில் விடப்படும் பகற்பாம்பு பதுங்கிடத்தைக் கண்டடையத் தடுமாறுகிறது.

பையைப் பெட்டிக்குள் வைத்து முடிச்சை அவிழ்த்துவிட்டு விலகுங்கள். பாம்பு தானே வெளியே வரட்டும். காலிப் பையை மறுநாள் கொக்கியால் எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் இரை வேண்டாம், கையில் எடுப்பது வேண்டாம், பார்க்க வருவோரும் வேண்டாம். தண்ணீர் மட்டும் நாள்தோறும் மாற்றப்பட வேண்டும்.

காட்டிலிருந்து வந்த பாம்பு பெரும்பாலும் நீர்வற்றிய நிலையில் வருகிறது. தோல் பக்கவாட்டில் மடிந்து சுருக்கம் விழுவதும், கண் சற்று உள்வாங்கியிருப்பதும், வாயில் பிசுபிசுப்பான எச்சில் இருப்பதும் அதன் அடையாளங்கள். பல பாம்புகள் கிண்ணத்து நீரை முதலில் அடையாளம் காண்பதில்லை. இலைகளிலும் கற்களிலும் தெளித்த துளிகளை நக்கிக் குடிக்கும். ஆகவே காலையில் ஒரு மூலையை மட்டும் நனையத் தெளித்து, மாலைக்குள் காயவிடுங்கள். மிரண்ட பாம்பை வலிந்து தொட்டியில் ஊறவைக்க வேண்டாம். நீர்வற்றல் கடுமையாகத் தெரிந்தால் அது மருத்துவர் ஊசி வழியாகச் சரிசெய்ய வேண்டியது.

6. தனிமைப்படுத்தலும் மருத்துவமும்: தொண்ணூறு நாள்கள்

வீட்டில் வேறு ஊர்வன இருந்தால், புதிய பாம்பு குறைந்தது 90 நாள்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். அதற்கென்று தனிக் கொக்கி, தனி இடுக்கி, தனிக் கிண்ணம் வையுங்கள். அன்றாட வேலையில் மற்ற விலங்குகளை முதலிலும் இந்தப் பாம்பைக் கடைசியிலும் கவனியுங்கள்.

ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரைப் பாம்பு வருவதற்கு முன்பே கண்டுபிடித்து, வந்த இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் செல்வது பணத்தையும் நேரத்தையும் வீணாக்கும். முதல் எச்சத்தை, உலர்வதற்குள், சுத்தமான மூடிய டப்பாவில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். ஒரே பரிசோதனையில் ஒட்டுண்ணி இல்லை என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். முட்டைகள் எல்லா நாளும் வெளியேறுவதில்லை. சில வார இடைவெளியில் மூன்று முறை பார்த்த பிறகே தீர்மானிக்கலாம்.

மருந்தை நீங்களே தேர்வு செய்யாதீர்கள். உருளைப் புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் ஓரணு உயிரிக்கும் வெவ்வேறு மருந்துகள் தேவை, அளவு பாம்பின் எடையைப் பொறுத்தது, நீர்வற்றிய பாம்புக்கு அதே அளவு தீங்காகலாம். வீட்டில் ஆமை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: பாம்புப் பேனுக்குச் சிலர் பயன்படுத்தும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு நஞ்சு.

பாம்புப் பேன் கடுகைவிடச் சிறிய கருப்புப் புள்ளியாகக் கண்ணைச் சுற்றியும் தாடையின் அடிமடிப்பிலும் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் தென்படும். பாம்பு நீரிலேயே நெடுநேரம் கிடந்தால் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். சிகிச்சை பாம்போடு நில்லாமல் பெட்டிக்கும் அறைக்கும் சேர்த்தே நடக்க வேண்டும், முட்டையிலிருந்து புதியவை வெளிவரும் என்பதால் வாரக்கணக்கில் தொடரவும் வேண்டும்.

வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், மூக்கில் குமிழ், உடலின் நடுவில் இரை எடுக்காமலேயே வீக்கம், உண்டதைக் கக்குதல், செதில்களில் மஞ்சள் பொருக்கு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பதிவு நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

7. இரை எடுக்க வைப்பது

பெரும்பாலானோரின் பொறுமை தளரும் இடம் இது. காட்டில் சாட்டைப் பாம்பின் உணவில் பல்லியினங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எலி, பறவைக்குஞ்சு, பூச்சி, பிற பாம்பு ஆகியவற்றையும் இனத்துக்கேற்பத் தின்னும். உறையவைத்து உருக்கிய எலியை அது இரையென்றே அறியாது. மலைப்பாம்பைப்போல் இது இரையை இறுக்கிக் கொல்வதும் இல்லை; உடலால் தரையில் அழுத்திப் பிடித்தோ, பிடித்த கையோடு விழுங்கியோ முடித்துவிடும். ஆகவே உயிருள்ள எலியை உள்ளே விடுவது ஆபத்து. எலி திருப்பிக் கடித்துக் கண்ணையும் முதுகையும் குதறிவிடும். சில நாடுகளில் உயிருள்ள முதுகெலும்பிகளை இரையாகக் கொடுப்பதே தடை செய்யப்பட்டுள்ளது.

எட்டாம் நாளுக்குப் பின், முற்பகலில், பாம்பு ஒரு மணி நேரமாவது வெயில் காய்ந்த பிறகு தொடங்குங்கள். இரையை முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, பின் நீர் புகாத உறையிலிட்டு வெந்நீரில் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் உட்பகுதி வெந்து, வயிறு வெடித்துவிடும். இரையின் பருமன் பாம்பின் மிகத் தடித்த பகுதியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். ஈரத்தை நன்றாகத் துடைத்து, நீண்ட இடுக்கியில் இடுப்புப் பகுதியைப் பிடித்து, பாம்பின் முகத்தை நோக்கிக் கொண்டுபோகாமல், அதன் பார்வைக்குக் குறுக்கே, பல்லி ஓடி நின்று மீண்டும் ஓடுவதைப்போல் விட்டுவிட்டு நகர்த்துங்கள்.

பாம்பின் தலையைக் கவனியுங்கள். தரையிலிருந்து கழுத்து மெல்ல உயர்ந்து, தலை மட்டும் இரு பக்கமும் சிறிதளவு அசைந்து, நாக்கு வேகமாக வெளிவந்தால் அது தொலைவைக் கணிக்கிறது, அசைவைத் தொடருங்கள். கழுத்து எஸ் வடிவில் பின்வாங்கி, வால்நுனி நடுங்கினால் அது அஞ்சுகிறது. இடுக்கியைப் பின்னிழுத்து, இரையைப் பதுங்கிடத்தின் வாயில் ஒரு தட்டைக் கல்லில் வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுக்கவில்லை என்றால் அப்புறப்படுத்திவிடுங்கள்.

மறுத்தால் அடுத்த வழி மணம். வளர்ப்பில் உள்ள பல்லியின் உரித்த தோலையோ, அதன் பெட்டியில் கிடந்த தாளையோ எலியின் தலையில் நன்றாகத் தேய்த்துக் கொடுங்கள். மணத்தை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே போனால் பல பாம்புகள் எலிக்கு மாறிவிடுகின்றன. காட்டுப் பல்லிகளைப் பிடித்துக் கொடுப்பது புதிய ஒட்டுண்ணிகளை வரவழைக்கும். பல இடங்களில் அந்தப் பல்லிகளும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

இடைவெளியையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதிகம் இயங்கும் பாம்பு என்பதால், மற்றப் பாம்புகளைப்போல் இரு வாரத்துக்கு ஒருமுறை பெரிய இரை கொடுப்பதைவிட, ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு ஒருமுறை சிறிய இரை கொடுப்பது நல்லது. நெடுநாள் பட்டினி கிடந்த பாம்பின் முதல் இரை வழக்கமான அளவில் பாதியே இருக்கட்டும். இரை எடுத்த பின் 48 மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள். மிரண்டால் கக்கிவிடும், கக்கிய பாம்பு மீண்டும் உண்ணத் தொடங்க நாளாகும்.

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், பதுங்கு டப்பாவோடு சேர்த்து எடை எடுத்துக் குறித்து வையுங்கள். வந்த நாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், மூன்று வாரங்கள் தொடர்ந்து மறுத்தாலும் மருத்துவரிடம் பேசுங்கள். குட்டிக்கும் ஏற்கெனவே மெலிந்த பாம்புக்கும் அந்தக் கெடு இன்னும் குறைவு. வாயைத் திறந்து இரையைத் திணிப்பது கடைசி வழி. அதை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். அந்த முயற்சியின் அச்சமே சாட்டைப் பாம்பைப் பல வாரங்கள் பின்னுக்குத் தள்ளிவிடும்.

8. கையாளுதல், கடி, கை கழுவுதல்

கையில் தவழவிடும் பாம்பாக இது மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில மாறும், பல மாறுவதே இல்லை. பெட்டியைச் சுத்தம் செய்ய, பாம்பு பதுங்கு டப்பாவுக்குள் இருக்கும்போது அதன் வாயை மூடி டப்பாவோடு வெளியே எடுப்பதே இருவருக்கும் நல்ல முறை. வாலை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது. உடலை முறுக்கிச் சுழன்று முதுகெலும்பையோ வால்நுனியையோ சேதப்படுத்திக்கொள்ளும். அறைக் கதவின் அடி இடைவெளியைத் துணியால் அடைத்த பிறகே பெட்டியைத் திறங்கள்.

இவை ஒருமுறை கடித்ததோடு நிறுத்துவதில்லை. அடுத்தடுத்துக் கடிக்கும், பற்றிக்கொண்டு மெல்லவும் செய்யும். கையைப் பிடுங்கினால் பற்கள் முறிந்து உள்ளே தங்கும். பற்றிக்கொண்டிருந்தால் அசையாமல் நின்று, அது விட்டதும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். வீக்கம் பரவினாலோ, மூச்சு முட்டினாலோ, பாம்பின் இனத்தில் சிறிது ஐயம் இருந்தாலோ நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாம்புகள் சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமியைச் சுமக்கின்றன. பெட்டியையோ கிண்ணத்தையோ தொட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் முதியோரும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இப்பாம்பையும் அதன் பொருள்களையும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

9. பருவத்தை மறந்துவிடாதீர்கள்

வசந்தத்திலும் முன்கோடையிலும் பிடிபட்ட பெண் பாம்பு சினையாக இருக்கக்கூடும். இரை மறுப்பதும், உடலின் பின்பாதி பருப்பதும், ஓயாமல் மூலைகளைத் தோண்டுவதும் அடையாளங்கள். உடனே ஈரப்பாசி நிரப்பிய முட்டைப் பெட்டியை வையுங்கள். இடம் கிடைக்காத பாம்பு முட்டையை அடக்கிவைத்து உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளும். பிறக்கும் குட்டிகளுக்கும் ஆவணம் தேவைப்படலாம் என்பதால் உரிமம் தந்த அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள்.

குளிர்ப்பகுதி இனங்கள் இலையுதிர்காலத்தில் தாமாகவே இரையை நிறுத்துகின்றன. இதை நோயென்று கொள்ளாமலிருக்க எடைக் குறிப்பு உதவும். ஆனால் முதல் ஆண்டில், மெலிந்தோ ஒட்டுண்ணியோடோ இருக்கும் பாம்பைக் குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பக் கூடாது. வெப்பத்தையும் ஒளியையும் கோடை அளவிலேயே தொடருங்கள்.

10. ஒப்படைக்க வேண்டிய நிலை வந்தால்

எடை தொடர்ந்து சரிந்தாலோ, மூக்குப் புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வந்தாலோ, மூன்று மாதம் கடந்தும் நீங்கள் அறைக்குள் வரும்போதெல்லாம் பாம்பு கண்ணாடியில் மோதிக்கொண்டாலோ, உங்கள் ஏற்பாடு அந்தப் பாம்புக்குப் போதவில்லை. பெரிய அடைப்பிடம் உள்ள உரிமம் பெற்ற மையத்தைத் தேடத் தொடங்குங்கள்; இடம் கிடைக்க வாரங்கள் ஆகும் என்பதால் பாம்பு தளரும் வரை காத்திருக்காதீர்கள்.

அதைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட வேண்டாம். வளர்ப்பு அறையில் ஒட்டிய கிருமியும் பூஞ்சையும் அங்குள்ள பாம்புகளுக்குப் பரவும். பிடிபட்ட இடம் அல்லாத வேறோரிடத்தில் விடப்படும் பாம்பு பெரும்பாலும் பிழைப்பதில்லை. பல நாடுகளில் அனுமதியின்றி விடுவதும் குற்றமே. விடலாமா என்பதை வனவுயிர்த் துறையும் மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். அனுமதியின்றிப் பிடித்த பாம்பு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், இரண்டாம் படியில் சொன்ன ஆவணங்களை இனி உருவாக்க முடியாது. அதற்கு இரை கொடுக்க முயலாமல், பிடித்த இடத்தையும் நாளையும் மறைக்காமல் சொல்லி, அன்றே அத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். எவ்வளவு விரைவாக ஒப்படைக்கிறீர்களோ, அவ்வளவுக்கு அது பிடிபட்ட இடத்துக்கே திரும்பும் வாய்ப்பு கூடும்.

ஒப்படைக்கும்போது, கோப்பில் உள்ள மூல ஆவணங்களோடு, எடைக் குறிப்பு, கொடுத்த இரைகளின் நாளும் அளவும், எச்சப் பரிசோதனை முடிவுகள், கொடுக்கப்பட்ட மருந்துகளின் பெயரும் அளவும், கடைசியாகச் சட்டை உரித்த நாள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் அந்தக் கையொப்பமிட்ட தாளின் படியை அதே வாரத்தில் அலுவலகத்துக்கு அனுப்பி, பதிவை நீக்கச் சொல்லுங்கள்.